கொத்துக்குள் மாத்திரை என்று கதை கட்டிய நாட்டில், எங்கள் பிள்ளைகளுக்கு மாத்திரை என்றால் என்னவென்று சொல்லக் கூடாதாம்!



நீண்ட பதிவு. தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு கொமண்ட் போடுபவர்கள் தயவுசெய்து முழுதாக வாசித்துவிட்டு வந்து திட்டுங்கள்.

இரண்டு வாரமாக ஊர் வட்ஸ்அப் குரூப்களில் ஒரு வொய்ஸ் சுற்றுகிறது. கம்பஸிலும் கல்வியியல் கல்லூரிகளிலும் படிக்கும் எங்கள் பெண் பிள்ளைகளின் ஹேண்ட்பேக்கில் "கருவைக் கொல்லும் குளிசை" இருக்கிறதாம். ஒன்றைப் போட்டால் வயிற்றில் தங்கியது கரைந்துவிடுமாம். இரண்டு தடவை போட்டால் கர்ப்பப்பை சுருங்கி வாழ்நாள் முழுக்க மலடாம். கடைசியில் குரல் தழுதழுக்க அந்த நானா சொல்லும் முடிவு இதுதான்: "உங்கட பொம்புளப் புள்ளயள கம்பஸுக்கு அனுப்பாதீங்க."

மருத்துவத் தகவல் போல ஆரம்பித்து, படிப்பை நிறுத்தச் சொல்லி முடிகிறது அந்த வொய்ஸ். ஆட்சேபணை குளிசையின் மீதா, கம்பஸின் மீதா என்று கேட்கத் தோன்றுகிறது.

நாங்கள் பாடசாலைகளில் படிப்பிக்கும் ஆசிரியைகள். ஒரு பிள்ளையை ஓ/எல்லில் இருந்து ஏ/எல்லுக்குக் கொண்டுவர எத்தனை வீட்டுப் படி ஏற வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். வாப்பா சம்மதித்தால் மூத்த நானா சம்மதிக்க மாட்டார். நானா சம்மதித்தால் மாமி வந்து கதை சொல்லுவா. இஸட் ஸ்கோர் வந்த பிறகும், "ஹொஸ்டல்ல விடுறதா?" என்ற கேள்வியில் ஒரு வருடம் போய்விடும். அவ்வளவையும் தாண்டிப் போன பிள்ளையைத் திருப்பி வீட்டுக்கு இழுக்க இந்த வொய்ஸுக்கு நாலு நிமிடம் போதுமாக இருக்கிறது. அதனால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

*முதலில், அந்தக் குளிசை என்ன?*

அதன் பெயர் அவசர கருத்தடைக் குளிசை. உள்ளே இருப்பது லெவோநோர்ஜெஸ்ட்ரல் என்ற ஹோர்மோன். இது எங்கிருந்தோ ரகசியமாக வந்த மர்மப் பொருள் இல்லை. நாளாந்தம் போடும் கருத்தடைக் குளிசைகள் பலவற்றில் சிறிய அளவில் இருப்பதும் இதுதான். எங்கள் உம்மாமார் பலர் கிளினிக்கில் கையில் வைத்துக்கொண்ட ஜெடேலில் இருப்பதும் இதுதான். அவசரக் குளிசையில் அது 1.5 மில்லிகிராம் அளவில், ஒரே தடவைக்கென்று இருக்கிறது. இலங்கையில் பாமசியில் வெளிப்படையாக விற்கப்படுகிறது.

அது எப்படி வேலை செய்கிறது? பெண்ணின் சூலகத்திலிருந்து மாதம் ஒரு முறை முட்டை வெளிவருகிறது. ஆணின் விந்தணு பெண்ணின் உடலில் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கலாம். அந்த நாட்களுக்குள் முட்டை வெளிவந்தால்தான் கரு உண்டாகும். குளிசை செய்வது, முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவது. விந்தணு செத்துப்போகும் வரைக்கும் முட்டையை வரவிடாமல் வைப்பது. அவ்வளவுதான்.

முட்டை ஏற்கனவே வெளியே வந்துவிட்டதென்றால் இந்தக் குளிசையால் பெரிதாக ஒன்றும் ஆகாது. கரு கர்ப்பப்பையில் தங்கிவிட்டதென்றால் இது அதைக் கலைக்காது, கருவுக்குத் தீங்கும் செய்யாது. உலக சுகாதார ஸ்தாபனம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பிற்காலத்தில் பிள்ளை பெறும் சக்தியை இது பாதிப்பதில்லை என்பதும் அதே ஸ்தாபனத்தின் நிலைப்பாடுதான். ஆக, "கருவைக் கொல்லும்" என்பதும் "மலடாக்கும்" என்பதும் இரண்டுமே பொய்.

கருவைக் கலைக்கும் மருந்துகள் வேறு. மிசோப்ரொஸ்டோல் என்று கள்ளத்தனமாகக் கைமாறுவது வேறு வகை. அது வைத்தியசாலையில் வைத்தியரின் கண்காணிப்பில் பாவிக்க வேண்டிய மருந்து. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுவதால் நடக்கும் விபரீதம் அந்த நானாவுக்குத் தெரியுமா? இது கருவைக் கலைக்கும் என்று நம்பும் ஒரு பிள்ளை, பீரியட்ஸ் தள்ளிப்போய் மூன்று கிழமைக்குப் பிறகு இதை வாங்கிப் போடுகிறாள். ஒன்றும் நடக்காது. "நாலு போட்டா சரியாகும்" என்று யாரோ சொல்ல நாலையும் போடுகிறாள். அதற்கும் ஒன்றும் நடக்காது. டொக்டரிடம் போக வேண்டிய நேரம் அதற்குள் கடந்துவிடும். அந்த வொய்ஸ் ஒரு பிள்ளையையும் பாவத்திலிருந்து காப்பாற்றப் போவதில்லை. பிழையான நேரத்தில் பிழையான நம்பிக்கையோடு குளிசை போடத்தான் கற்றுக்கொடுக்கிறது.

*கேள்விகள் எங்களிடம் வருகின்றன*

ஏ/எல் முடித்துவிட்டுப் போன பிள்ளைகள் லீவில் வரும்போது பாடசாலைக்கு வருவார்கள். சலாம் சொல்லி, ரிசல்ட் சொல்லி, கடைசியில் கதவோரம் நின்று மெல்லக் கேட்பார்கள். பெரும்பாலும் "என்ட கூட்டாளி ஒராள்" என்றுதான் கேள்வி தொடங்கும்.

"டீச்சர், அது போட்டா பிறகு புள்ள கிடைக்காதாமே?"

"மாதம் ஒண்டு போட்டா அந்த மாதம் முழுக்க பயமில்லயாமே?"

"பீரியட்ஸ் லேட்டானா அத வரவைக்கப் போடலாமாமே?"

"நோன்புக்கு பீரியட்ஸத் தள்ளிப்போடுற குளிசயும் அதுவும் ஒண்டுதானே?"

நாலும் பிழையான தகவல். கேட்கும் பிள்ளைகளில் பலர் நல்ல மூளைசாலிகள், இரண்டு ஏ, ஒரு பி எடுத்தவர்கள். உயர்தர உயிரியலில் மனித இனப்பெருக்கம் ஒரு பாடப்பகுதி. ஆனால் எங்கள் ஊர்களில் பெண் பிள்ளைகளில் பெரும் பகுதி கலைப்பிரிவு. அரபும், இஸ்லாமிய நாகரிகமும், புவியியலும், தமிழும் எடுத்த பிள்ளைக்கு முட்டை எந்த நாள் வெளிவரும் என்று யார் சொன்னார்கள்? தரம் 7 பிள்ளைகளுக்கென்று கல்வி அமைச்சு தயாரித்த "ஹத்தே அபே பொத்த" என்ற நூல் எதிர்ப்பு கிளம்பி முடங்கிப்போனது. அப்போதும் எதிர்த்தவர்கள் சொன்ன காரணம், பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பதுதான். இப்போது பிள்ளைகள் கற்பது டிக்டொக்கில். அதற்கு எதிராக யாரும் குத்பா நடத்தக் காணோம்.

*இந்தப் பொய்யின் விலை எங்களுக்குத் தெரியாதா?*

2018 பெப்ரவரியில் அம்பாறையில் என்ன நடந்தது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. கொத்து ரொட்டிக்குள் ஒரு வெள்ளைக் கட்டி. "வந்த பெத்தி", மலட்டு மாத்திரை என்று ஒருவர் சத்தம் போட்டார். வீடியோ எடுத்தார்கள். அன்றிரவே பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. பிறகு அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்துச் சொன்னார், அது வெறும் மாக்கட்டி என்று. சாப்பாட்டில் கலந்து கொடுத்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்றே இல்லை என்று மருத்துவர்கள் தொண்டை கிழியச் சொன்னார்கள். யார் கேட்டார்கள்? சில நாட்களில் திகன எரிந்தது.

அடுத்த வருடம் 2019 மே மாதம், குருநாகல் வைத்தியசாலையின் டொக்டர் ஷாபி. ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்கு ரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று பத்திரிகை முதற்பக்கத்தில் போட்டது. கைது செய்தார்கள், அடைத்தார்கள். குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று சி.ஐ.டி. நீதிமன்றத்துக்கு அறிவித்தது. பின்னர் அவர் மீண்டும் சேவைக்குச் சேர்க்கப்பட்டார். இடையில் அவரும் அவருடைய குடும்பமும் இழந்ததை யார் திருப்பிக் கொடுப்பது?

அந்த இரண்டு சம்பவங்களிலும் நாம் என்ன சொன்னோம்? "இவங்களுக்கு விஞ்ஞானம் தெரியாது. ஒரு மாத்திரை என்ன செய்யும், என்ன செய்யாது என்று கூடத் தெரியாத முட்டாள்தனம்." மேடை போட்டுச் சொன்னோம், ஆங்கிலத்தில் எழுதினோம், ஸ்கிரீன்ஷொட் போட்டோம். சரியாகத்தான் சொன்னோம்.

இப்போது அதே பொய்யை, அதே மலட்டு மாத்திரைக் கதையை, நம்முடைய குரூப்பில், நம்முடைய ஆட்கள், நம்முடைய பெண் பிள்ளைகளுக்கு எதிராக ஃபோர்வர்ட் பண்ணுகிறார்கள். "மாஷா அல்லாஹ், நல்ல விழிப்புணர்வு" என்று அதற்குக் கீழே கொமண்ட் வேறு. கொத்துக்குள் இருந்த மாக்கட்டியை மாத்திரை என்று நம்பியவனுக்கும் இந்த வொய்ஸை நம்புபவருக்கும் என்ன வித்தியாசம் என்று நாங்கள் கேட்டால் கோபம் வருகிறது. கோபப்படுங்கள், பிறகு பதிலும் சொல்லுங்கள்.

*யாருக்குத் தேவை?*

வொய்ஸில் வரும் பெண் எப்போதும் ஒரே ஆள்தான். முகமூடி போட்டு ஊரை ஏமாற்றிவிட்டு போய் ஃப்ரெண்டோடு சுற்றுபவள். நாங்கள் காணும் பிள்ளைகள் வேறு.

ஒருத்திக்கு இரண்டாம் வருடத்தில் காவின் எழுதியாகிவிட்டது. மாப்பிள்ளை கத்தாரில். வருடத்துக்கு ஒரு தடவை ஒரு மாத லீவு. பிள்ளை இப்போது வேண்டாம், படிப்பு முடியட்டும் என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். கொண்டம் கிழிந்துவிட்டது, அல்லது குளிசை இரண்டு நாள் மறந்துவிட்டது. ஹலாலான மனைவி. அவளுக்கு மறுநாள் காலையில் என்ன செய்வதென்று தெரியாது. தெரிந்துகொள்ளப் போனால் "ஹேண்ட்பேக்கில் குளிசை வைத்திருப்பவள்" என்ற பட்டம்.

இன்னொருத்தி பாலியல் வன்முறைக்கு உள்ளானவள். இதைச் சொல்லும்போது எல்லோரும் தலையைக் குனிகிறோம். குனியாமல் கேளுங்கள். அவளுக்கு முதல் 72 மணித்தியாலம் உயிர் போன்றது. அவசரக் குளிசை அந்த நேரத்துக்குள். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்து தொடங்குவதும் அந்த நேரத்துக்குள். அரச வைத்தியசாலைக்குப் போய்க் கேட்கலாம் என்று அவளுக்கோ அவளுடைய உம்மாவுக்கோ தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஊர்களில் அந்த மூன்று நாளும் எப்படிப் போகும் என்று தெரியும்தானே. முதல் நாள் அழுகை. இரண்டாம் நாள், யாருக்கும் சொல்லாதே என்ற சத்தியம். மூன்றாம் நாள், மாமாவைக் கூப்பிட்டு ஆலோசனை. நாலாம் நாள் எல்லாம் பிந்திவிடும்.

மூன்றாவது, தவறிப்போனவள். ஆம், அவளும் இருக்கிறாள். ஸினா பெரும்பாவம். அதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை, அதை ஹலாலாக்க இந்தப் பதிவு எழுதப்படவும் இல்லை. ஆனால் பாவம் செய்தவளுக்கு அல்லாஹ் வைத்த வாசல் தௌபா. நாம் வைத்திருக்கும் வாசல் என்ன? கிணறா? தூக்குக் கயிறா? பின்கதவு வழியாக யாரோ ஒருத்தி செய்யும் கருக்கலைப்பா? அவளோடு சேர்ந்து பாவம் செய்தவன் அடுத்த வெள்ளிக்கிழமை முதல் ஸஃப்பில் நிற்கிறான். அவனுடைய பேக்கை யாரும் சோதிப்பதில்லை.

*சட்டம் என்ன சொல்கிறது?*

1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவை, 303ஆம் பிரிவு. தாயின் உயிரைக் காப்பாற்ற என்ற ஒரே காரணத்தைத் தவிர வேறு எதற்காகவும் இந்த நாட்டில் கருக்கலைப்புச் செய்ய முடியாது. மூன்று வருடம் வரை சிறை. கரு அசையத் தொடங்கிவிட்டதென்றால் ஏழு வருடம் வரை. பலாத்காரத்தால் உண்டான கருவுக்கும் விதிவிலக்கு இல்லை.

இந்தச் சட்டத்தை மாற்ற வேண்டுமா என்பது வேறு விவாதம், அதை இங்கே இழுக்கவில்லை. நாங்கள் சொல்வது சின்ன விடயம். கரு தங்கிய பிறகு சட்டத்தில் வழி இல்லை என்றால், தங்குவதற்கு முன் இருக்கும் மூன்று நாள் எவ்வளவு பெறுமதியானது? கருக்கலைப்பை மனதார வெறுப்பவர்தான் அந்த மூன்று நாளைப் பற்றி முதலில் வாய் திறந்து பேச வேண்டும். எங்கள் ஊரில் எல்லாம் தலைகீழ். கருக்கலைப்பு கொலை என்று மைக்கில் சொல்பவரே, கரு தங்காமல் தடுக்கும் அறிவையும் பிள்ளைகளுக்குக் கொடுக்காதே என்கிறார்.

*மார்க்கம் என்ன சொல்கிறது?*

நாங்கள் ஃபத்வா கொடுப்பவர்கள் அல்ல. மத்ரஸாவில் ஓதியவர்களிடம் கேட்டும், கிதாபுகளின் தமிழாக்கங்களை வாசித்தும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறோம்.

அஸ்ல் பற்றிய ஹதீஸ்கள் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கின்றன. நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே, குர்ஆன் இறங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே ஸஹாபாக்கள் அஸ்ல் செய்தார்கள், தடுக்கப்படவில்லை என்று ஜாபிர் (ரழி) அறிவித்திருக்கிறார்கள். கரு உண்டாகாமல் இருக்க அன்றைக்கு இருந்த வழி அதுதான். நம்முடைய ஷாஃபிஈ மத்ஹபின் பெரும் அறிஞர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் இதைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். அஸ்லை ஆகுமென்று சொல்லி, அதைக் கருக்கலைப்போடும் சிசுக்கொலையோடும் சேர்க்கக் கூடாது என்று பிரித்தும் காட்டுகிறார். உண்டாகிவிட்ட ஒன்றுக்குச் செய்யும் குற்றம் வேறு, உண்டாகாமல் தடுப்பது வேறு என்பது அவருடைய வாதம். தொள்ளாயிரம் வருடத்துக்கு முன் வாழ்ந்த இமாமுக்குப் புரிந்த வித்தியாசம், ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் நானாவுக்குப் புரியவில்லை.

வெட்கம் ஈமானின் ஒரு பகுதி என்று சொல்லி வாயை அடைக்கப் பார்ப்பார்கள். ஆயிஷா (ரழி) அவர்கள் அன்ஸாரிப் பெண்களைப் புகழ்ந்ததே, மார்க்கத்தை விளங்கிக்கொள்வதற்கு வெட்கம் அவர்களைத் தடுக்கவில்லை என்பதற்காகத்தான். உம்மு ஸுலைம் (ரழி) அவர்கள் பெண்ணுக்கு ஸ்கலிதம் ஏற்பட்டால் குளிக்க வேண்டுமா என்று நபியவர்களிடமே நேராகக் கேட்டார்கள். அந்தப் பெண்கள் இன்றைக்கு நம்முடைய குரூப்பில் இருந்திருந்தால் அட்மின் நீக்கியிருப்பார்.

*"சொல்லிக்கொடுத்தால் கெட்டுப்போவார்கள்"*

எல்லா வாதமும் தோற்றால் கடைசியில் வருவது இது. உணர்ச்சியை விட்டுவிட்டுப் பார்ப்போம். அவசரக் குளிசையை முன்கூட்டியே கையில் கொடுத்து வைத்த பெண்களையும் கொடுக்காத பெண்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளை ஒன்று சேர்த்து கொக்ரேன் என்ற மருத்துவ மீளாய்வு அமைப்பு பார்த்தது. கையில் இருந்தவர்கள் பாதுகாப்பற்ற உறவில் கூடுதலாக ஈடுபடவில்லை, பாலியல் நோய்களும் கூடவில்லை. நேர்மையாக மற்றப் பக்கத்தையும் சொல்கிறோம். கையில் கொடுத்ததால் மட்டும் கர்ப்பங்களின் எண்ணிக்கை குறைந்ததாகவும் அந்த மீளாய்வு காணவில்லை. குளிசை மந்திரக்கோல் இல்லை. ஆனால் ஒழுக்கத்தை அழிக்கும் ஆயுதமும் இல்லை.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தில் குறைந்தபட்ச வயதே இல்லை. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் காதியின் அனுமதி வேண்டும் என்று மட்டும்தான் இருக்கிறது. இந்தச் சட்டத்தில் வயதெல்லையைத் தொடக் கூடாது என்று எத்தனை வருடம் கொடி பிடித்தார்கள்? பதினாறில் கட்டிக்கொடுக்க வராத வெட்கம், இருபதில் உடம்பைப் பற்றிப் பாடம் சொல்லும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது? மனைவியாக இருக்கும் அளவுக்கு வளர்ந்தவள், மனைவியின் உடம்பில் என்ன நடக்கிறது என்று அறிவதற்கு மட்டும் சின்னப் பிள்ளையா?

முஸ்லிம் நாடுகளைப் பாருங்கள் என்று எதற்கெடுத்தாலும் சொல்பவர்களுக்கு: ஈரானில் 1990களில் திருமணப் பதிவுக்கு முன் குடும்பக் கட்டுப்பாட்டு வகுப்புக்குப் போவது கட்டாயமாக இருந்தது. "அது ஷீயா நாடு" என்று தட்டிவிடுவீர்கள், தெரியும். பங்களாதேஷைப் பாருங்கள். அங்கே அரசாங்கத்தின் பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போய் இதையெல்லாம் பேசினார்கள், கொடுத்தார்கள். அந்த நாட்டில் இஸ்லாம் அழிந்துவிடவில்லை.

*பாமசியில் நடப்பது*

அரச சேவையில் மிட்வைஃப்மார் செய்யும் வேலைக்கு நாங்கள் தலை வணங்குகிறோம். ஆனால் அவர்களுடைய பதிவேடு தகுதியுள்ள தம்பதியருக்கானது. வீடு தேடிப் போகும் சேவை அது. ஹொஸ்டலில் இருக்கும் காவின் எழுதிய பிள்ளை எந்த மிட்வைஃபின் பதிவேட்டில் இருப்பாள்? ஊரில் வீட்டில் இல்லை. படிக்கும் இடத்தில் அவளுக்கு வீடு இல்லை.

மிச்சம் இருப்பது பாமசி. எங்கள் ஊர் பாமசியில் கவுண்டரில் நிற்பவர் வாப்பாவின் கூட்டாளியாக இருப்பார், இல்லாவிட்டால் பள்ளி நிர்வாக சபையில் இருப்பார். அபாயா போட்ட பிள்ளை ஒருத்தி போய் அந்தப் பெயரைச் சொன்னால் "யாருக்கு?" என்ற கேள்வி வரும். அதனால் பஸ் ஏறி அடுத்த டவுனுக்குப் போகிறாள். அல்லது பையன் ஒருவனிடம் காசு கொடுத்து அனுப்புகிறாள். பெட்டியும் உள்ளே இருக்கும் விளக்கத் தாளும் இல்லாமல், குளிசை மட்டும் கடதாசியில் சுற்றிக் கைக்கு வருகிறது என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு பலன் தரும் மருந்தை, இரண்டு நாள் வெட்கப்பட்டு அலைந்து கடைசி மணித்தியாலத்தில் போடுகிறாள். பயந்தது போலவே பலிக்காமல் போனால், "பார்த்தீங்களா, அல்லாஹ்வின் தண்டனை" என்கிறோம். தண்டனை கொடுத்தது கவுண்டரும் நாமும்.

*தெரிந்திருக்க வேண்டியவை*

இதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து உங்கள் மகளுக்கோ, தங்கச்சிக்கோ, மருமகளுக்கோ அனுப்புங்கள். மருந்து விடயத்தில் கடைசி வார்த்தை டொக்டருடையது. அடிப்படை இது:

1. உறவுக்குப் பிறகு இயன்றளவு சீக்கிரம் போட வேண்டும். 72 மணித்தியாலத்துக்குள் போடுவது நல்லது. ஐந்தாம் நாள் வரை ஓரளவு பலன் இருக்கலாம், ஆனால் நேரம் போகப் போகக் குறையும்.

2. போட்டு இரண்டு மணித்தியாலத்துக்குள் வாந்தி எடுத்தால் திரும்பவும் போட வேண்டியிருக்கும்.

3. குமட்டல், தலைவலி, கொஞ்சம் இரத்தக் கசிவு, பீரியட்ஸ் சில நாள் முந்துவது பிந்துவது எல்லாம் வரலாம். பீரியட்ஸ் ஒரு கிழமைக்கு மேல் பிந்தினால் கர்ப்பப் பரிசோதனை செய்ய வேண்டும். அடிவயிற்றில் கடும் வலி வந்தால் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

4. வலிப்பு நோய்க்கான சில மருந்துகளும், காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினும் இதன் பலனைக் குறைக்கும். அவற்றைப் பாவிப்பவர்கள் டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

5. இது ஒரு தடவைக்கானது. போட்ட பிறகு அந்த மாதம் முழுக்கப் பாதுகாப்பு என்பது பொய். தொடர்ந்து தேவை என்றால் நாளாந்தக் குளிசை, ஊசி, ஜெடேல், லூப், கொண்டம் என்று கிளினிக்கில் வழிகள் இருக்கின்றன. ஐந்து நாளுக்குள் டொக்டர் போடும் கொப்பர் லூப், அவசரக் குளிசையை விடப் பலன் கூடியது.

6. எச்.ஐ.வி. உட்பட எந்தப் பாலியல் நோயையும் இது தடுக்காது.

7. கர்ப்பம் தங்கிய பிறகு இதைப் போடுவதில் பயன் இல்லை.

8. பாலியல் வன்முறை நடந்திருந்தால் குளிக்காமல், உடுப்பைக் கழுவாமல், உடனே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. சிறுவர்களுக்கு 1929.

*நாங்கள் கேட்பது*

பெரிதாக ஒன்றும் இல்லை. கம்பஸ், கல்வியியல் கல்லூரி ஹொஸ்டல்களில் முதலாம் வருடப் பிள்ளைகள் வந்து இறங்கும் கிழமையில், தமிழ் தெரிந்த ஒரு பெண் டொக்டரைக் கூப்பிட்டு இரண்டு மணித்தியாலம் பேசவிடுங்கள். ஆண் பிள்ளைகளுக்கும் தனியாகப் பேசுங்கள். கொண்டம் கிழிந்த கதையில் அவனும்தான் இருக்கிறான்.

பள்ளிவாசல் நிர்வாகங்களே, நிகாஹ் பதிவுக்கு வரும் மாப்பிள்ளை பெண்ணை ஒரு நாள் எம்.ஓ.எச். அலுவலகத்துக்கு அனுப்புங்கள். மஹ்ர் எவ்வளவு, சாப்பாடு எத்தனை சஹன் என்று பேசுவதற்கு மூன்று கூட்டம் வைக்கிறோம். இதற்கு ஒரு காலை நேரம் போதும்.

பாமசி வைத்திருக்கும் சகோதரர்களே, "யாருக்கு?" என்று கேட்காதீர்கள். பெட்டியோடு கொடுங்கள். எப்போது போட வேண்டும் என்று ஒரு வசனத்தில் சொல்லுங்கள். பனடோல் விற்பது போல விற்றுவிட்டுப் போங்கள்.

உம்மாமாரே, மகள் ஹொஸ்டலுக்குப் போகும்போது கருவாட்டுச் சம்பலும் மாசிச் சம்பலும் போத்தலில் போட்டுக் கட்டிக் கொடுக்கிறீர்கள். அதோடு சேர்த்து ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்: "எது நடந்தாலும் முதல் என்னட்ட சொல்லு. நான் ஏசுறது பிறகு." அந்த ஒரு வார்த்தை இருந்தால் 72 மணித்தியாலம் வீணாகாது.

அந்த வொய்ஸை ஃபோர்வர்ட் பண்ணியவர்களே, அழித்துவிடுங்கள். யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களுக்கே, "அது பொய்யான தகவல்" என்று இன்னொரு வொய்ஸ் போடுங்கள். கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்பது நீங்களே மற்றவர்களுக்கு அடிக்கடி அனுப்பும் ஹதீஸ்தான்.

வாப்பாமாருக்குக் கடைசியாக ஒன்று. உங்கள் மகள் கம்பஸுக்குப் போகட்டும். பயம் இருந்தால் அந்தப் பயத்துக்கு மருந்து அறிவு. வீட்டில் இருத்திவைத்தால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். வீட்டுக்குள்ளேயே, சொந்தத்துக்குள்ளேயே கெடுக்கப்பட்ட பிள்ளைகளையும் ஆசிரியைகளாகிய நாங்கள் கண்டிருக்கிறோம். அவர்களில் யாரும் கம்பஸுக்குப் போனதில்லை. அவர்களுக்கு அந்த மூன்று நாளைப் பற்றிச் சொல்லவும் ஒருவரும் இருக்கவில்லை.

மார்க்க ரீதியாகப் பிழை இருந்தால் உலமாக்கள் ஆதாரத்தோடு சொல்லுங்கள், திருத்துகிறோம். மருத்துவ ரீதியாகப் பிழை இருந்தால் டொக்டர்மார் சொல்லுங்கள். "பொம்புளைக்கு இது தேவையா" என்று மட்டும் கேட்க வருபவர்களுக்கு இப்போதே பதில்: ஆம், தேவை.

வஸ்ஸலாம்.